பத்து சென்ட் நிலமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



போன மாதம் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். விதைக்காக வரவில்லை, உரத்துக்காகவும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், என் பையன் உங்க பேச்சைக் கேப்பான். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லுங்க" என்றார். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இங்கே நாலரை ஏக்கர் நிலம், கிணறு, மோட்டார் எல்லாம் இருக்கிறது. "எல்லாம் அவனுக்குத்தானே சார்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிப் போச்சு.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். அவன் ஏன் போனான் என்பதும் ஓரளவுக்குத் தெரியும். அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால், வேறு ஒரு தேசத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

அமெரிக்காவில் ஓஹையோ என்று ஒரு மாநிலம். மக்காச்சோளம் விளைகிற பூமி. அங்கே ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர்ப்பக்கம் பள்ளிக்கூடங்களைக் கவனிக்கும் கண்காணிப்பாளராக ஏ.பி. கிரஹாம் என்பவர் இருந்தார். 1902-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, அந்த ஊர் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தள அறையில் சுமார் 30 பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். பையன்களும் இருந்தார்கள், பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாரும் பத்து வயசிலிருந்து பதினைந்து வயசுக்குள். "உங்க வீட்டு மண்ணை எடுத்து வாங்க, லிட்மஸ் தாளை வைத்துப் புளிப்பு மண்ணா என்று பார்ப்போம். மக்காச்சோள விதை தருகிறேன், உங்க கையால் போட்டு வளர்த்துக் காட்டுங்க" என்பதுதான் அவர் வைத்த வேலை. மாநில ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகமும் ஒத்தாசை செய்தன.

அப்போது ஆராய்ச்சி நிலையங்கள் புதுப்புது முறைகளைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. பெரியவங்க கேட்கவில்லை. "என் தாத்தா செய்யாததையா இவன் சொல்லப்போறான்" என்ற பேச்சு நம்ம ஊரில் மட்டும் உள்ளது இல்லீங்க. ஆனால் அதே வேலையைப் பெற்ற பிள்ளை வீட்டுக் கொல்லையில் செய்துகாட்டும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்காத தகப்பன் உண்டா?

தெற்கே மிஸிஸிப்பி மாநிலத்தில் 1907-இல் டபிள்யூ.எச். ஸ்மித் என்ற கல்வி அதிகாரி, ஹோம்ஸ் கவுண்டி என்ற பகுதியில் பையன்களுக்கு மக்காச்சோள மன்றம் தொடங்கினார். மத்திய வேளாண் துறை அவரைத் தன் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் ஆண்டுக்கு 1 டாலர்! பேருக்குத்தான் அந்தச் சம்பளம். அந்தத் துறையில் இந்த வேலைக்கு மூளையாக இருந்தவர் சீமான் நாப் என்ற கிழவர். காதால் கேட்டதை விவசாயி சந்தேகப்படலாம், கண்ணால் பார்த்ததைக்கூடச் சந்தேகப்படலாம், தன் கையால் செய்ததை மட்டும் சந்தேகப்பட முடியாது என்பது அவருடைய எண்ணம். 1903-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில், போர்ட்டர் என்ற விவசாயியின் பண்ணையில் புது முறைச் சாகுபடியை அவரையே செய்யச் சொன்னார். நஷ்டம் வந்தால் ஈடு கட்டுவதற்கு அந்த ஊர் வியாபாரிகள் முன்கூட்டியே பணம் திரட்டி வைத்தார்கள். நஷ்டம் வரவில்லை, லாபம்தான் வந்தது. இந்த ஈட்டுப் பணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தப் பையன்கள் மன்றத்துக்கு வைத்திருந்த சட்டதிட்டங்களை நான் படித்தபோது அசந்துபோனேன். பத்து வயசு முதல் பதினெட்டு வயசு வரை சேரலாம். பயிருக்கான திட்டத்தை அவனே போடணும், வேலையும் அவனே பார்க்கணும். சின்னப் பையனாக இருந்தால் உழவு போன்ற கனமான வேலைக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம். நிலத்தின் அளவுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சாட்சி சொல்லணும். செலவுக் கணக்கில் நிலத்துக்கு வாடகையாக ஏக்கருக்கு 5 டாலர் எழுதணும், அப்பா நிலமாக இருந்தாலும் சரி. தன் உழைப்புக்கு மணிக்கு 10 சென்ட் கூலி, குதிரைக்கு மணிக்கு 5 சென்ட். இந்த சென்ட் அவங்க ஊர்க் காசு.

பரிசு யாருக்கு? அதிகமாக விளைவித்தவனுக்கு என்றுதானே நினைப்போம்? நூற்றுக்கு 30 பங்கு மதிப்பெண்தான் விளைச்சலுக்கு. லாபத்துக்கு 30. பத்துக் கதிரைப் பொறுக்கியெடுத்துக் கண்காட்சியில் வைப்பதற்கு 20. என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று அவனே எழுதும் வரலாற்றுக்கு 20. நம்ம ஊர்ப் பயிர் விளைச்சல் போட்டிகளிலும் இப்படி ஒரு வரலாறு எழுதச் சொன்னால் தேவலை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு நினைப்பு உண்டு.

தென் கரோலினா மாநிலத்தில் ஜெர்ரி மூர் என்று ஒரு பையன். 1910-இல் ஒரு ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்தான். ஒரு புஷல் சுமார் 25 கிலோ. ஆக, ஏறக்குறைய 58 குவிண்டால். அன்றைக்கு அந்த நாட்டின் சராசரி ஏக்கருக்கு 30 புஷலைக்கூடத் தொடவில்லை, தெற்கே அதைவிடவும் குறைவு. நாடே அவன் பேரைச் சொல்லிற்று. அதே ஆண்டு அதே மாநிலத்தில் எய்க்கன் என்ற பகுதியில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை பெண் பிள்ளைகளைச் சேர்த்துத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. நம்ம கணக்கில் சரியாகப் பத்து சென்ட்! தக்காளியை விளைவிப்பதோடு விடவில்லை. விலை விழுந்தால் என்ன செய்வது என்று டப்பாவில் அடைத்து விற்கவும் கற்றுக்கொடுத்தார். தக்காளியை ரோட்டில் கொட்டிய அனுபவம் உள்ளவங்களுக்கு இதன் அருமை தெரியும்.

1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, அந்த நாட்டின் வேளாண் விரிவாக்கப் பணியையே சட்டப்படி அமைத்தார்கள். பிள்ளைகள் மன்றங்களும் அதன் கீழே வந்தன. நாலு இலைத் தீவனப்புல் அதன் சின்னம். தலை, நெஞ்சு, கை, உடல்நலம் ஆகிய நாலுக்கும் ஆங்கிலத்தில் 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் என்பதால் 'ஃபோர்-எச்' என்று பெயர். இன்றைக்கு அந்த நாட்டில் சுமார் 60 லட்சம் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். விவசாயம் மட்டும் இல்லை, ராக்கெட் விடுகிற பிள்ளைகளும் உண்டு.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றம் வைத்தார்கள். காசும் குறைவு, கவனிப்பும் குறைவு. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பிரிவினைக்கு முடிவுகட்ட ஆரம்பித்தார்கள். நம்ம ஊரில் பிள்ளைகளைக் கூட்டும்போது இதை மறக்கக் கூடாது. எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே வட்டமாகத்தான் உட்காரணும். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யாராவது ஒருத்தர் அஞ்சு சென்ட் விட்டுக்கொடுக்கணும்.

இந்த மன்றத்தில் இன்னொரு வேலையும் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பிள்ளைகளே. கூட்டத்தை நடத்துவதும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் அவர்கள்தான். கால்நடை மன்றம் என்றால் நாலு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்தி, ஏன் என்று எழுந்து நின்று காரணம் சொல்லணும். நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க, "எது நல்ல ஆடு?" என்றால் கையைக் காட்டுவான். "ஏன்?" என்றால் நம்ம முகத்தைப் பார்ப்பான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என் கதையும் கொஞ்சம் சொல்றேன். வேளாண் கல்லூரியில் கடைசி ஆண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை பழகணும். உங்க ஊருக்கும் வந்திருப்பார்கள். 2001-இல் நான் திண்டிவனம் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் தங்கினேன். மானாவாரி நிலக்கடலை. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடணும் என்று நான் தினமும் ஓதிக்கொண்டே இருந்தேன். அவர் ஒருநாள், "தம்பி, அந்த அஞ்சு சென்ட் உன்னுது. போட்டுக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டுக் கிலோ ஜிப்சத்தை நிறுத்து, நாற்பத்தைந்தாம் நாள் என்று நாள்கணக்குப் பார்த்து, கரெக்டாகப் போட்டேன். மண் காய்ந்து கிடந்தது. அதற்கப்புறம் வெகுநாள் மழையே இல்லை. அறுவடையில் என் பாத்திக்கும் பக்கத்துப் பாத்திக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் சிரிக்கவில்லை. "போடறப்ப மண்ணைத் தொட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் ஒரு வயலில் இறங்கினால் என் கை முதலில் மண்ணுக்குத்தான் போகும். நாலு வருஷப் படிப்பில் இது இல்லையா என்றால், இருந்தது. பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்தத் திருப்பூர்ப் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

உத்தியோகத்துக்கு வந்த புதிதில் நானும் இளைஞர் பயிற்சி என்று நடத்தியவன்தான். பந்தல், பேனர், இரண்டு மணி நேரம் சொற்பொழிவு, வடை, டீ. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். ஒரு பிள்ளையின் முகம்கூட இன்றைக்கு ஞாபகம் இல்லை. 2019-இல் என் வட்டாரத்தில் ஒரு ஊரில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பதினொரு பிள்ளைகள். ஆளுக்குப் பத்து சென்ட், சிலருக்கு அஞ்சு சென்ட். புரட்டாசிப் பட்டம், மக்காச்சோளம். எல்லாத் தகப்பன்மாரும் கூட்டத்தில் தலையாட்டினார்கள்.

அந்தப் பையன் கெட்டிக்காரன். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணிப் பார்த்து அப்புறம்தான் விதைத்தான். இரண்டடிக்குப் பார் பிடித்து முக்காலடிக்கு ஒரு செடி விட்டான். அது ஏற்கெனவே படைப்புழு நம்ம மாநிலத்துக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடி முடித்திருந்த நேரம். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் வயலைச் சுற்றி வருவான். ஒருநாள் குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் பார்த்தான். நூறு செடி எண்ணினான், ஆறு செடியில் இருந்தது. நோட்டில் எழுதினான். "முட்டைக் குவியலையும் புழுவையும் கையால் நசுக்கி, மூணு நாள் பார்த்துவிட்டு, ஏறினால் சாரிடம் கேட்டு மருந்து" என்று திட்டமும் எழுதியிருந்தான். பத்து சென்ட்தானே, கையால் முடியும். சரியான முடிவு.

அன்றைக்கு ராத்திரி தகப்பனார் வயலைப் பார்த்திருக்கிறார். முந்தின வருஷம் பட்ட அடி அவருக்கு. அவரைக் குற்றம் சொல்ல என் மனசு கேட்கவில்லை. மறுநாள் பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கடையில் இரண்டு மருந்தை வாங்கிக் கலந்து அடித்துவிட்டார். சாயங்காலம் வந்த பையன் மருந்து வாசனையைப் பிடித்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லையாம். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தப் பத்து சென்ட் பக்கம் அவன் போகவில்லை. பயிர் நன்றாகத்தான் விளைந்தது.

என் தப்பு என்ன தெரியுமா? பிள்ளைகளுக்கு நாலு கூட்டம் போட்டேன். தகப்பன்மாருக்கு ஒரு கூட்டம்தான் போட்டேன். "இந்தப் பத்து சென்ட் கெட்டே போனாலும் நான் கை வைக்க மாட்டேன்" என்று யாரிடமும் வாங்கவில்லை. டெக்ஸாஸில் வியாபாரிகள் ஈட்டுப் பணம் கட்டி வைத்தார்களே, அதற்கு ஈடாக நான் ஒன்றும் செய்யவில்லை.

பூச்சிமருந்து விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை மருந்து டப்பாவைத் தொடக் கூடாது, தெளிப்பானைத் தூக்கக் கூடாது. தெளிக்க வேண்டியது பெரியவங்கதான். ஆனால் எப்போது தெளிக்கணும், எதைத் தெளிக்கணும் என்று சொல்ல வேண்டியவன் அந்தப் பையன். தெளிக்கிற கை ஒன்று, முடிவெடுக்கிற தலை ஒன்று. இதை முதல் நாளே பேசி வைத்திருந்தால் அவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம். அதனால்தான் திருப்பூர் போனான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சம்பளம், கூட்டாளிகள் என்று எத்தனையோ இருக்கும். ஆனால் பெரியவர், "எல்லாம் அவனுக்குத்தானே" என்றபோது எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. நாலரை ஏக்கர் அவனுக்குத்தான். பத்து சென்ட்டில் ஒரு ராத்திரி அவனுக்கு இல்லை.

அதே பதினொரு பேரில் ஒரு பெண் பிள்ளை. பத்தாவது. அந்தச் சட்டதிட்டப்படி நிலத்துக்கு வாடகை, ஆளுக்குக் கூலி எல்லாம் எழுதச் சொல்லியிருந்தேன். அறுவடைக்கு ஆசிரியர் ஒருவரும் பால் சங்கச் செயலாளரும் சாட்சி. இரண்டரை குவிண்டால் வந்தது. வரவு 4,375 ரூபாய். செலவு 3,930. மீதி 445. கூட்டத்தில் எழுந்து படித்தது. "குத்தகை ஏக்கருக்குப் பத்தாயிரம், பத்து சென்ட்டுக்கு ஆயிரம். எங்கம்மா ரெண்டு நாள் களையெடுத்தாங்க, கூலி நானூறு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செஞ்ச வேலைக்கு நானூறு." பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் என்னமோ சொன்னார். அவர் களையெடுத்ததற்குக் கூலி என்று யாரும் எழுதி அன்றுதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

தகப்பனாருக்குக் கோபம். ஏக்கருக்கு இருபத்தையாயிரம் மிஞ்சுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மகள் கணக்குப்படி நாலாயிரத்து ஐநூறுகூட இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்திருக்கிறார். அடுத்த ஆண்டு, குத்தகைக்குப் பிடித்திருந்த இரண்டு ஏக்கரை விட்டுவிட்டார். சொந்த நிலத்தில் பாதிக்குத் தீவனப் பயிர் போட்டு ஒரு மாடு சேர்த்துக்கொண்டார். யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை.

செய்து பார்க்க நினைப்பவங்களுக்கு நாலு வார்த்தை. பத்து சென்ட் என்பது 66 அடிக்கு 66 அடி. கயிறு பிடித்து அளந்து நாலு மூலையிலும் குச்சி அடித்துவிடுங்க. வரப்பு ஓரத்து உவர் நிலத்தைத் தள்ளிவிட்டு, 'உன் சாமர்த்தியம்' என்று சொல்லாதீங்க. நடுவயலில் கொடுங்க. பள்ளிக்கூடம்தான் முதல், வயல் வேலை அதற்கப்புறம். என்ன பயிர், எப்போது தண்ணீர், யாரிடம் விற்பது எல்லாம் அவர்கள் முடிவு. கேட்டால் மட்டும் சொல்லுங்க. கேட்காதபோது வாயை அடக்குவதுதான் ரொம்பச் சிரமம், எனக்கும் வரவில்லை. இவ்வளவு ரூபாய் வரைக்கும் நஷ்டமானால் நான் தாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு தொகையை முன்னாலேயே சொல்லிவிடுங்க. விதைக்கும் செலவுக்கும் கொடுப்பதை எழுதிக் கொடுங்க, விளைந்ததும் கழித்துக்கொள்ளுங்க. மிச்சப் பணம் அவங்க கையில் போகட்டும். பையனுக்கு மட்டும் இல்லை, பெண்ணுக்கும்.

அந்தப் பெரியவரிடம் நான் பையனுக்குப் போன் பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. பீரோவில் இருந்த அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் படிக்கத் தெரிந்தவர். "நூறு செடிக்கு ஆறு" என்ற பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பொங்கலுக்குப் பையன் வருவான், அப்போது பேசிக்கொள்கிறேன் என்று போனார். இன்னும் பொங்கல் வரவில்லை.

அடுத்த தடவை மண் மாதிரி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரும்போது வீட்டுப் பிள்ளையையும் கூட்டி வாங்க. சர்வே எண், முன்பயிர், தண்ணீர் வசதி என்று கேள்வி கேட்போம். பதிலை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் நாங்க திருத்திக்கொள்கிறோம், நீங்க பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிங்க.